வெள்ளி மாதிரி

மாதிரி என்ற சொல்லைத் தமிழில் இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடைக்காரர் காட்டுகிற துணித்துண்டு மாதிரி. பரீட்சைக்கு முன்னால் வருகிற வினாத்தாளும் மாதிரி. பேச்சில் அதே சொல் உவம உருபாக வந்து நிற்கிறது. 'அப்பா மாதிரி நடக்கிறான்' என்கிறோம். வெள்ளி கிரகத்தின் வாயுமண்டலத்துக்கு விஞ்ஞானிகள் கணிதத்தில் கட்டுகிற மாதிரியை 'வெள்ளி மாதிரி' என்று சுருக்கிச் சொன்னால், வெள்ளியைப் போல இருக்கிற, ஆனால் வெள்ளி அல்லாத ஒன்று என்று பொருள்பட்டுவிடுகிறது. இது பேச்சு வழக்கின் விபத்து அல்ல. காரியத்தின் உண்மையான நிலைமையே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ.; பிழைப்பு வங்கியில் குமாஸ்தா வேலை. சில வருஷங்களாக இந்த மாதிரிகளைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து வருகிறேன். சமன்பாடுகள் வரும் பக்கங்களைத் தாண்டிவிடுவேன். வாதம் எப்படி எழுகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்பதில்தான் என் கவனம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர், அவருடைய கவிதை பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஸார், நீங்க எழுதினதுக்கப்புறம் அந்தக் கவிதைல எனக்குன்னு பாக்கி ஒண்ணும் இல்ல" என்றார். பாராட்டா புகாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் பாக்கி என்ற அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. எனக்கு அது தொழில் சார்ந்த வார்த்தை. விளக்கம் என்பது பாக்கி வைக்கலாமா, வைத்தால் எங்கே, எவ்வளவு என்ற கேள்விக்கு வெள்ளியின் காற்றைக் கணக்கிட்டவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இது.

வெள்ளி என்றதும் தண்ணீரை நினைத்தவர்கள் பலர். வெள்ளி தென்திசை சாய்ந்தால் மழை பொய்க்கும் என்பது சங்க காலத்து நம்பிக்கை. அப்படிப் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்ற விதிவிலக்கோடுதான் பட்டினப்பாலை தொடங்குகிறது. பின்னால் தொலைநோக்கி வந்தது. அதில் தெரிந்தது வெறும் வெள்ளை. வெள்ளை என்றால் மேகம், மேகம் என்றால் நீர், நீர் என்றால் சதுப்பு நிலம், சதுப்பு என்றால் தாவரம் என்று படிப்படியாக இறங்கிப்போனார்கள். முதல் உலக யுத்தக் காலத்தில் இப்படி ஒரு ஈரமான, புழுங்கும் வெள்ளியை வர்ணித்தவர் அரீனியஸ். கரியமிலவாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-இல் கையால் கணக்குப் போட்டவரும் அவரே. வெள்ளியில் கரியமிலவாயு இருப்பதை ஆடம்ஸும் டன்ஹாமும் கண்டது 1932-இல். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதன் பிறகும் தண்ணீர் ஆசை தீரவில்லை. 1955-இல் மென்செலும் விப்பிளும் கிரகம் முழுவதும் ஒரே கடல், கரியமிலவாயு கரைந்த சோடாக் கடல், என்றார்கள்.

புரியாத கவிதையைக் கையில் எடுத்தால் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். இருண்மையாக இருக்கிறது, எனவே ஆழம், ஆழமானால் தத்துவம், தத்துவமானால் உபநிஷதம். மேகத்தைப் பார்த்து ஆரம்பித்துச் சதுப்பு நிலத்தில் போய் முடிகிறோம். நடுவில் எந்தப் படியிலும் வெள்ளி குறுக்கிட்டுப் பேச இடம் தரப்படவில்லை.

அது குறுக்கிட்டது 1956-இல். மேயரும் அவர் கூட்டாளிகளும் வெள்ளியிலிருந்து வரும் நுண்ணலைகளை அளந்தபோது 300 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலான வெப்பம் தெரிந்தது. 1967 அக்டோபர் 18 அன்று சோவியத்தின் வெனெரா 4 பாரசூட்டில் இறங்கியபடியே அளவுகளை அனுப்பிக்கொண்டு வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நின்ற இடமே தரை என்று அறிவித்தார்கள். மறுநாள் அமெரிக்காவின் மாரினர் 5 கடந்து போனது. அதன் ரேடியோ அலைகள் வாயுமண்டலத்தில் வளைந்த விதத்தையும் வெனெராவின் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வெனெரா நின்ற இடத்துக்குக் கீழே இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் காற்று பாக்கி இருந்தது தெரிந்தது. கருவி தன் சக்தி தீர்ந்த இடத்தைத் தரை என்று சொல்லிவிட்டது. 1970 டிசம்பரில் வெனெரா 7 நிஜத் தரையில் விழுந்து 23 நிமிஷம் ஈனஸ்வரத்தில் பேசியது. ஏறத்தாழ 470 டிகிரி வெப்பம். பூமியைப் போல் 90 மடங்கு அழுத்தம். சதுப்பு நிலத்துக்கு அங்கே இடமில்லை.

இத்தனைக்கும் வெள்ளி சூரியனிடமிருந்து உள்வாங்கும் வெளிச்சம் பூமி வாங்குவதைவிடக் குறைவு. முக்கால் பங்குக்கு மேல் மேகமே திருப்பி அனுப்பிவிடுகிறது. தரைக்கு வந்து சேர்வது நூற்றில் இரண்டு மூன்று பங்கு. வரவு இவ்வளவு சொற்பமாக இருந்தும் இருப்பு இவ்வளவு பெரிதாக இருக்கிறதென்றால் செலவை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடைத்து வைத்திருப்பது 96 சதத்துக்கு மேலாக இருக்கும் கரியமிலவாயுவும், மிச்சமிருக்கும் கொஞ்சம் நீராவியும் கந்தக வாயுக்களும், மேகமுமாகச் சேர்ந்து.

மேகம் எதனால் ஆனது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1920-களில் பிரான்ஸில் லியோ என்பவர் வெள்ளியின் ஒளி எவ்வளவு தளவிளைவு பெற்றிருக்கிறது என்பதைப் பல கோணங்களில் அளந்து வைத்தார். அந்த அளவுகளின் வளைகோடு சரியாகப் படிக்கப்படாத கையெழுத்துப் பிரதி போல வெகுகாலம் கிடந்தது. 1974-இல் ஹான்ஸனும் ஹோவனியரும் அதை எடுத்துக்கொண்டு, எப்படிப்பட்ட துளிகள் இருந்தால் ஒளி இந்தக் கோட்டில் வளையும் என்று கணக்கிட்டார்கள். விடை: உருண்டையான துளிகள், ஆரம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், ஒளிவிலகல் எண் 1.44. தண்ணீர் 1.33. எனவே தண்ணீர் அல்ல. 75 சதக் கந்தக அமிலம் பொருந்தியது. சில்லும், யங் தம்பதியும் வேறு வழிகளில் அதற்குச் சற்று முன்னர் அமிலத்தைச் சொல்லியிருந்தார்கள். அரை நூற்றாண்டுப் பழைய அளவுகளுக்கும் இதில் இடம் இருந்தது. ஆனால் 'தண்ணீர் இல்லை' என்று கிரகம் மறுத்துச் சொல்லக்கூடிய விதத்தில் கேள்வி கேட்கப்பட்டது. அந்த மேகத்திலிருந்து அமில மழை விழுகிறது. தரைக்கு வந்து சேருமுன் ஆவியாகிவிடுகிறது.

இனி ரசாயனம். இதற்கான மாதிரி வங்கிக்காரனுக்கு அந்நியமானதல்ல. காற்றைத் தரையிலிருந்து 110 கிலோமீட்டர் உயரம் வரை அடுக்குகளாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேரேடு: எவ்வளவு உண்டானது, எவ்வளவு அழிந்தது, மேலிருந்தும் கீழிருந்தும் எவ்வளவு வந்தது, போனது. எதெது எதெதோடு எந்த வேகத்தில் வினைபுரியும் என்பது பரிசோதனைச் சாலையில் அளந்த எண். நூற்றுக்கணக்கான வினைகள். எல்லாவற்றையும் போட்டு, ஏடு சமன்படும்வரை ஓடவிடுகிறார்கள்.

முதலிலேயே ஒரு சிக்கல் வந்தது. சூரியனின் புற ஊதாக் கதிர் கரியமிலவாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் பிராணவாயு அணுவாகவும் உடைக்கிறது. உடைந்தவை தாமாகத் திரும்பச் சேர்வது மிக மெதுவாக. அப்படியானால் மேல் வாயுமண்டலம் முழுக்கப் பிராணவாயு சேர்ந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் இல்லை. யார் இவற்றைச் சேர்த்து வைக்கிறார்கள்? 1967-இல் வெள்ளியின் ஒளியில் ஹைட்ரஜன் குளோரைடின் தடயம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சொற்பத்தில்தான் விடை இருந்தது. 1971-இல் பிரின்னும், 1973-இல் மக்எல்ராய், ஸ்ஸே, யுங் ஆகியோரும் அதிலிருந்து தொடங்கும் வினைத்தொடர்களை எழுதினார்கள். 1982-இல் யுங்கும் டிமோரும் குளோரினின் சுற்றை விரிவாகக் கணக்கிட்டார்கள். குளோரின் ஒரு தரகர். இரண்டு தரப்பையும் சேர்த்துவைத்துவிட்டு, தான் ஒரு குந்துமணியும் குறையாமல் அடுத்த பேரத்துக்குப் போய்விடுகிறது.

ஏடு இத்தோடு சமன்பட்டுவிடவில்லை. மாதிரிகள் இன்றும் அளவில் தெரிவதைவிடப் பலமடங்கு பிராணவாயுவைக் காட்டுகின்றன. கந்தக டையாக்சைடு இன்னும் மோசம். மேகத்துக்குக் கீழே பத்து லட்சத்தில் நூற்றைம்பது பங்கு போல இருப்பது, மேகத்துக்கு மேலே ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. கிராஸ்னோபோல்ஸ்கி 2007-இல் தரையிலிருந்து 47 கிலோமீட்டர் வரைக்கும், 2012-இல் 47-லிருந்து 112 வரைக்கும் தனித்தனியாக மாதிரி கட்டினார். இரண்டு ஏடுகளும் அவரவர் எல்லைக்குள் ஒழுங்கு. எல்லையைத் தாண்டி ஒரே ஏடாகச் சேர்த்தால்தான் தகராறு.

இங்கே காற்றின் ஓட்டம் உள்ளே வருகிறது. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள். அதன் மேக உச்சியோ நான்கே நாளில் கிரகத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. வினாடிக்கு 100 மீட்டர் காற்று. இதை முதலில் கண்டவர் தொழில்முறை விஞ்ஞானி அல்ல. காங்கோவின் பிரஸவில் நகரில் நீதிபதியாக இருந்த சார்ல் புவாயே என்ற பிரெஞ்சுக்காரர். 1957 முதல் சிறிய தொலைநோக்கியில் புற ஊதா வடிகட்டி வைத்துப் படமெடுத்து, ஒரே கரிய அடையாளம் நான்கு நாளுக்கொரு முறை திரும்பி வருவதைக் கவனித்தார். பிக் து மிதி ஆய்வகத்தின் காமிஷெல் துணை நின்றார். இருந்தும் நம்பியவர்கள் குறைவு. 1974 பிப்ரவரியில் மாரினர் 10 எடுத்த படங்கள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தின. பகலெல்லாம் வழக்குக் கேட்டுவிட்டு இரவில் கிரகம் பார்க்கிற மனிதரிடம் எனக்கு ஒரு பந்துத்துவம் தோன்றுவதை மறைப்பானேன்.

கிரகத்தை முந்திக்கொண்டு காற்று ஏன் ஓடுகிறது? அலைகளும் சுழல்களும் உந்தம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இது நடக்காது என்பதுவரை கோட்பாடு உறுதியாகச் சொல்கிறது. எந்த அலை என்பதுதான் கேள்வி. சில குழுக்கள் தங்கள் மாதிரிகளுக்கு ஒரே எளிய வெப்பமூட்டலைக் கொடுத்து ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தன. 2013-இல் வெளியான முடிவில், ஒரே விதிகளை ஏற்றுக்கொண்ட மாதிரிகள் வெவ்வேறு காற்றுகளைத் தந்திருந்தன. ஜப்பானின் அகாட்சுகி 2010-இல் சுற்றுப்பாதையைத் தவறவிட்டு, ஐந்து வருஷம் சூரியனைச் சுற்றிவிட்டு, 2015-இல் சிறு உந்திகளால் திரும்பப் பிடித்துக்கொண்ட கலம். அதன் படங்களிலிருந்து 2020-இல் ஒரு பதில் வந்தது. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் எழுப்புகிற வெப்ப ஓதங்கள், மத்தியரேகைப் பக்கத்து மேக உச்சியில் அந்த ஓட்டத்தைத் தாங்குகின்றன. கீழே உள்ள காற்றுக்கு இந்தப் பதில் போதாது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். ரசாயன மாதிரி கட்டுகிறவர், இந்த அலை, சுழல், ஓதம் அத்தனையையும் தன் ஏட்டில் ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கிவிடுகிறார். ஒரு உயரத்தில் காற்று மேலும் கீழுமாக எவ்வளவு கலக்கிறது என்பதற்கான எண். அது பரிசோதனைச் சாலையில் அளந்தது அல்ல. பெரும்பாலும் ஏடு சமன்படுவதற்காகப் போட்டது. காற்றோட்ட மாதிரி கட்டுகிறவர் தன் பங்குக்கு ரசாயனத்தைச் சுருக்கிவிடுகிறார். மேகம் இங்கே இவ்வளவு வெப்பம் வாங்கும் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வதோடு சரி. ஒருவரின் முழு உலகம் மற்றவரின் ஏட்டில் ஒற்றை மாறிலி.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் போட்ட சண்டைகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். உருவத்தைப் பேசுகிறவன் சமூகத்தை ஒரு எண்ணாக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். சமூகத்தைப் பேசுகிறவன் கவிதையின் ஓசையை, நிறுத்தத்தை, ஒரு சொல் ஏன் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது என்பதை, ஒரு எண்ணாக்கிவிடுகிறான். சுருக்காமல் எவனாலும் கணக்குப் போட முடியாது. எனவே சுருக்கியது குற்றமில்லை. வித்தியாசம் வேறு. அவர்கள் அந்த எண்ணுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் ஏடு எப்படிப் புரளும் என்று காட்டுகிறார்கள். 2020-இல் பியர்ஸனும் ஜாங்கும் தரையிலிருந்து உச்சி வரை ஒரே ஏடாகக் கட்டி, மேகத்துக்குள் கலப்பை வெகுவாகக் குறைத்தால் கந்தகக் கணக்குச் சமன்படும் என்று காட்டினார்கள். ஆனால் 1985-இல் சோவியத்தின் வேகா கலங்கள் அந்த மேகத்தில் மிதக்கவிட்ட இரண்டு பலூன்களும் மேலும் கீழும் தூக்கியடிக்கப்பட்டன. 2021-இல் ரிம்மரும் கூட்டாளிகளும் கலப்பைத் தொடாமல், துளிகளுக்குள் அமிலத்தைத் தணிக்கும் உப்புகளைப் போட்டுச் சமன்படுத்தினார்கள். இரண்டு வழி, இரண்டிலும் எது கண்டது, எது போட்டது என்பது வெளிப்படை. நம் விமர்சனத்தில் போட்ட எண் எது என்று சொல்லும் வழக்கமே இல்லை. 'காலத்தின் குரல்', 'ஆன்மாவின் தவிப்பு' என்றெல்லாம் நாம் எழுதுவது கண்டதா, கணக்கு நேராகப் போட்டதா?

வங்கியில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரியாத தொகை சஸ்பென்ஸ் கணக்கில் போய் உட்காரும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தத் தலைப்பு ஒழியவில்லை. ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார். தொகை எவ்வளவு என்பதோடு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்றும் கேட்பார். வெள்ளியின் ஏட்டிலும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. 1927-இல் ராஸ் என்பவர் மவுண்ட் வில்சனில் புற ஊதா ஒளியில் எடுத்த படங்களில் வெள்ளைக் கிரகத்தின்மேல் கரும்பட்டைகள் தெரிந்தன. மேக உச்சியில் ஏதோ ஒன்று புற ஊதாவைக் குடிக்கிறது. கிரகம் உள்வாங்கும் சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி அதன் வயிற்றில்தான் போகிறது. புவாயேவின் கரிய அடையாளமும் அதுவே. வெப்ப ஓதத்தை எழுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு. இரும்புக் குளோரைடு என்கிறார்கள், கந்தகத்தின் பல உருவங்கள் என்கிறார்கள், கந்தகமும் பிராணவாயுவும் இணைந்த வேறொன்று என்கிறார்கள். எதுவும் முழுக்கப் பொருந்தவில்லை. கட்டுரைகளில் அதன் பெயர் 'தெரியாத உறிஞ்சி'. அந்தப் பெயரில் உள்ள நேர்மை எனக்கு ஒரு இலக்கிய விழுமியமாகவே படுகிறது.

பாக்கியை அவசரமாகத் தீர்க்கப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் வெள்ளியிலேயே உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, மேகத்தில் பாஸ்பீன் என்ற வாயு நூறு கோடியில் இருபது பங்கு இருப்பதாக அறிவித்தது. தெரிந்த ரசாயனம் எதுவும் அவ்வளவு தராது என்பதோடு குழு பெரும்பாலும் நின்றுகொண்டது; உயிர் ஒரு சாத்யம் என்று மட்டும் சொன்னது. பத்திரிகைகள் நிற்கவில்லை. மறுபடியும் சதுப்பு நிலம். தரவு திரும்பச் சீர்செய்யப்பட்டபோது குழுவே அளவைப் பலமடங்கு குறைத்துக்கொண்டது. அது கந்தக டையாக்சைடின் கோடுதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. வழக்கு முடியவில்லை. 'எங்களுக்குத் தெரிந்ததில் இல்லை' என்பது ஒரு பதிவு. 'எனவே இது' என்பது வேறொரு பதிவு. முன்னதிலிருந்து பின்னதுக்குத் தொகையை மாற்ற வவுச்சர் வேண்டும்.

ஏடு சமன்படாதவரை அதை வைத்து எதுவும் செய்யக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வெள்ளியில் குளோரினைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மக்எல்ராயும் ஸ்ஸேயும், வாஃப்சியோடு சேர்ந்து, குளிர்பதனப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் வெளியேறும் பொருள்கள் பூமியின் ஓசோனை என்ன செய்யும் என்று 1975-இல் கணக்குப் போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் மொலினாவும் ரோலண்டும் எழுப்பிய கேள்வி அது. அதே தரகர்தான்; வேறு சந்தை. மான்ட்ரியல் உடன்பாடு 1987-இல் வந்தது. மேகத்துளிகளை அளந்த ஹான்ஸன், பயோனியர் வீனஸ் கலத்தில் தன் பொறுப்பிலிருந்த கருவியை விட்டுவிட்டுப் பூமியின் கரியமிலவாயுவைக் கணக்கிடப் போனார். 1988 ஜூனில் அமெரிக்க செனட் குழு முன்னால், பூமி சூடேறுவது தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். இவர்கள் யாரிடமும் முழுமையான மாதிரி இருக்கவில்லை. எது கண்டது, எது போட்டது, எது பாக்கி என்று பிரித்துத் தெரிந்திருந்தது. தெரிந்த பகுதியின்மேல் முழு பாரத்தையும் வைத்து நிற்க அதனால்தான் முடிந்தது.

கவிஞர் நண்பருக்கு என் பதில் இனி சுலபம். அலசினால் கவிதை செத்துவிடும் என்பவர்கள் அவர் பேச்சைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அவர்களிடம் இருப்பது பாக்கி அல்ல, வெறும் வெள்ளை. அதற்குக் கீழே எந்தச் சதுப்பு நிலத்தையும் வரைந்துகொள்ளலாம். பாக்கி என்பது கணக்குப் போட்டவனுக்குத்தான் கிடைக்கும். கந்தகத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்காதவனுக்குக் கந்தகம் குறைகிறது என்பதே தெரியாது. ஒரு கவிதையில் ஓசை, சொல், காலம், அவர் படித்தவை, அவர் பட்டவை என்று தெரிந்ததெல்லாம் எழுதிக் கூட்டிய பிறகும் ஒரு வரி கணக்கில் அடங்காமல் நின்றால், அது அங்கே நிற்கிறது என்று எழுதுவதும் விமர்சனத்தின் வேலை. அதற்கு அழகான பெயர் வேண்டியதில்லை. தெரியாத உறிஞ்சி என்பது போல ஒரு பெயர் போதும். எத்தனை வருஷமாக நிற்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துவைக்கலாம். அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.